மறுநாளும் பார்த்தவருக்கே சிறுகோள்

1900-இல் டோக்கியோவில் ஷின் ஹிராயாமா என்ற வானியலாளர் எடுத்த படங்களில் இரண்டு புதிய சிறுகோள்கள் பதிந்திருந்தன. இன்றைய பட்டியலில் அவை 498 டோக்கியோ, 727 நிப்போனியா. பெயர்களில் ஜப்பான் இருக்கிறது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஹிராயாமா இல்லை. முதலாவது 1902-இல் பிரான்சின் ஷார்லுவா பேரிலும், மற்றது 1912-இல் ஜெர்மனியின் மாசிங்கர் பேரிலும் பதிவாகியிருக்கின்றன. சுற்றுப்பாதையைக் கணக்கிட ஹிராயாமாவின் அளவீடுகள் போதவில்லை என்பதே காரணம். முதலில் பார்த்தவருக்கு அநியாயம் நடந்துவிட்டதாகத் தோன்றும். நடந்தது நியாயமே என்பது என் கட்சி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே திரியும் சிறுகோள், நமக்கு நன்றாகத் தெரியும் காலத்தில், இரண்டே நாளில் ஏறக்குறைய முழுநிலவின் அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பாதை தெரியாமல் சில வாரம் விட்டுவிட்டால், எங்கே தேடுவதென்றே தெரியாது. அப்படித் தொலைந்துபோன ஒன்றைக் கண்டதால் வானியலுக்கு என்ன லாபம்?

கண்டதைத் தொடர்ந்து கண்காணித்தாரா என்ற இந்த அளவுகோலால்தான் ஜப்பானிய வானியல் ஆர்வலர் சுதோமு செகியின் உழைப்பை மதிப்பிட வேண்டும். 1930-இல் பிறந்தவர், தொழில் கிட்டார் கற்பிப்பது, ஊர் கோச்சி (கேரளத்துக் கொச்சி அல்ல, ஜப்பானின் ஷிகோகு தீவில் இருப்பது). 1965-இல் பட்டப்பகலிலேயே தெரிந்த இகெயா-செகி வால்மீன் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் கெய்செய் கிராமத்து ஆய்வகத்தில் 1981 முதல் அவர் சேர்த்த 200-க்கும் மேற்பட்ட சிறுகோள்களையே நான் பெரிதாக நினைக்கிறேன். பிரகாசமான வால்மீன் தானே கண்ணில் படும். சிறுகோளோ விண்மீனைப் போலவே வெறும் புள்ளி. வானின் ஒரே பகுதியை இடைவெளி விட்டு இருமுறை படமெடுத்து, இடம் மாறிய புள்ளியைத் தேடிப் பிடித்து, பக்கத்து விண்மீன்களை வைத்து அதன் இடத்தை அளந்து, அமெரிக்காவிலுள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த இரவும், அடுத்த மாதமும் இதே வேலை. 1981 பிப்ரவரி 9 அன்று அவர் கண்ட ஒன்றுக்கு முதலில் கிடைத்தது 1981 சிபி என்ற தற்காலிகக் குறியீடு மட்டுமே. பாதை உறுதியான பிறகே அது 2396 கோச்சி ஆயிற்று.

இப்படி ஊர்ப் பெயரை வானில் ஏற்றுவது வெறும் ஊர்ப்பெருமை என்று சிலர் முகம் சுளிக்கலாம். இருக்கட்டுமே. எண் வழங்கப்பட்ட பிறகுதான் பெயர் சூட்ட முடியும். பல ஆண்டு கண்காணிப்புக்குக் கிடைக்கும் கூலி அது ஒன்றுதான்.

இயந்திரங்கள் வந்தபின் இந்த உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 1990-களில் தொடங்கி தகாவோ கொபயாஷி என்ற இன்னொரு ஜப்பானியர் 25 செ.மீ. தொலைநோக்கியில் மின்னணுக் கேமராவைப் பொருத்தி, தனியாளாக 2,400-க்கும் மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டார். 1998-இல் அமெரிக்காவின் லீனியர் தானியங்கித் தேடல் தொடங்கியதும் அந்தப் போட்டியில் தனிமனிதருக்கு இடமில்லாமல் போயிற்று. எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஆட்சேபம் சரிதான். ஆனால் நேற்றிரவு எடுத்த படத்தைக் கொண்டு 1981-இல் ஒரு கல் எங்கே இருந்தது என்று எந்தத் தானியங்கியாலும் அளந்து சொல்ல முடியாது. பாதை எத்தனை ஆண்டுகளுக்கு அளக்கப்பட்டிருக்கிறதோ, அந்த அளவுக்குக் கணக்கின் பிழை சுருங்கும். புதிதாகப் பிடிபட்ட கல்லின் பாதை பழைய அளவீடு ஒன்றோடு பொருந்திவிட்டால், சில இரவுகளின் தரவு ஒரே நாளில் பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. கெய்செயிலிருந்து போன அளவீடுகள் சிறுகோள் மையத்தின் தொகுப்பில் இருக்கின்றன. பாதைகளைத் திருத்தும்போது அவையும் கணக்கில் சேர்கின்றன.