பதினைந்து நிமிடம் அசையாமல்

"அம்மா, பதினைஞ்சு நிமிஷம். அசையக் கூடாது. ஃபோனும் பார்க்கக் கூடாது."

மகளின் கட்டளை. ஜூலை மாதக் கடைசி, சட்டனில் எங்கள் வீட்டுப் பின்வளவு. செப்டம்பரில் அவளுக்கு கிராமர் ஸ்கூல் சோதனை. மேசையில் கணக்குப் பயிற்சித் தாள்கள் காத்துக் கிடந்தன.

பட்டர்ஃபிளை கன்சர்வேஷன் என்ற தொண்டு நிறுவனம் 2010 முதல் ஒவ்வொரு கோடையிலும் 'பிக் பட்டர்ஃபிளை கவுண்ட்' நடத்துகிறது. வெயிலான ஒரு நாளில் ஓரிடத்தில் 15 நிமிடம் இருந்து, கண்ணில் படும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

"சரி. முடிஞ்ச உடனே கணக்கு" என்று பேரம் பேசிவிட்டு உட்கார்ந்தேன்.

வேலியோரம் பட்லியா பூத்திருந்தது. லண்டன் ரயில் பாதையோரமெல்லாம் தானாக முளைக்கிற அந்த ஊதாப் பூச்செடிதான். வெள்ளைப் பூச்சிகள் இரண்டு வந்து போயின. காயப் போட வேண்டிய உடுப்புகளை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று பறந்து வந்து, நேரே என் முழங்காலில் இருந்தது.

"அம்மா, அசையாதேங்கோ! பெயிண்டட் லேடி!"

மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு பார்த்தேன். செட்டையின் கரிய நுனியில் வெள்ளைப் புள்ளிகள். அது செட்டையை மூடியதும் அந்தச் செம்மஞ்சள் மறைந்து, அடியில் தவிட்டு நிறமும் சாம்பலும் கலந்த கோலம், நடுவில் சின்னச் சின்னக் கண்கள். பூச்சிக்கு ஆறு கால் என்று படித்திருக்கிறேன்; எனக்குத் தெரிந்தது நாலுதான். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளின் முன்கால் இரண்டும் குறுகி, நெஞ்சோடு மடிந்திருக்குமாம். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அது பறந்ததும் என் கை பென்சில் தேடியது. பயிற்சித் தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் கீறத் தொடங்கினேன்.

"அம்மா, உங்களுக்குப் படம் கீறத் தெரியுமா?"

அந்தக் கேள்விதான் சுட்டது. பத்து வருடமாக என்னோடு இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாது.

பதினாலு வயதில் எனக்கு ஓவியம்தான் உலகம். அப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்து வளர்த்தவர். "படம் கீறினா ஆர் சோறு போடுறது?" என்றார். அவருடைய பயம் அவருக்கு. கணக்காளர் ஆனேன், அதில் குறையில்லை. ஆனால் இருபது வருடமாக ஒரு கோடு கீறவில்லை. போன மாதம் மகளின் ஓவிய வகுப்பை நானே நிறுத்தினேன். "சோதனை முடியட்டும்" என்றேன். அப்பாவின் வசனத்தை நான் இங்கிலீஷில் சொன்னேன், வேறொன்றுமில்லை.

அன்றிரவு இருவருமாக அந்தப் பூச்சியைப் பற்றி வாசித்தோம். வசந்தத்தில் வட ஆபிரிக்காப் பக்கமிருந்து வடக்கே கிளம்புகிறது. வழியில் முட்டையிட்டுவிட்டு இறந்துபோகிறது. மிச்ச வழியைப் பிள்ளைகள் பறக்கின்றன. இலையுதிர் காலத்தில் பிரிட்டனில் இருப்பவை குளிரில் செத்துப்போகும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2009இல் அவை பெருந்தொகையாக வந்தன. அந்த வருடத்து ராடார் பதிவுகளையும் பொதுமக்கள் அனுப்பிய கணக்குகளையும் சேர்த்து ஆராய்ந்தபோதுதான், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் அவை தெற்கே திரும்புவது 2012இல் வெளியானது. ஒரே பூச்சி முழுச் சுற்றையும் முடிப்பதில்லை. திரும்பிப் போவது, அந்த ஊரைக் கண்டிராத பரம்பரை. இலங்கையிலும் இதே இனம் உண்டு என்றதும் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

அப்படித்தான் மரியா சிபில்லா மேரியனையும் கண்டுபிடித்தோம். 1647இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1699இல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி, அவை தின்னும் செடி என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்தார். 1705இல் அது புத்தகமானது. அவருடைய ஓவியங்கள் நம்ம பிரிட்டிஷ் மியூசியத்திலேயே இருக்கின்றன. 52 என்றால் எனக்கு இன்னும் நிறைய வருடம் கிடக்கிறது!

சோதனையை நாங்கள் கைவிடவில்லை. கணக்கும் நடக்கிறது. ஆனால் புதன்கிழமை ஓவிய வகுப்பு திரும்பத் தொடங்கியாச்சு. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி முடிந்து வந்ததும், பின்வளவில் 15 நிமிடம் அவளும் நானும் இருந்து கீறுகிறோம். பூச்சி வராவிட்டால் இலை, இலையும் சரிவராவிட்டால் செருப்பு. என் கோடுகள் இன்னும் நடுங்குகின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு வீணையோ, கவிதைக் கொப்பியோ, சலங்கையோ கிடக்கலாம். பிள்ளைக்கு வகுப்புத் தேடும் நேரத்தில் அதையும் ஒருக்கா இறக்கிப் பாருங்கோ. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது இறக்கினால் இன்னும் நல்லது.

போன ஞாயிறு அப்பா வந்திருந்தார். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த முதல் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நாலு கால்தானே கீறியிருக்கிறாய். ஆறெல்லோ?"

"இல்லை தாத்தா, மற்ற ரெண்டும் மடிஞ்சிருக்கு" என்றாள் மகள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொருக்கால் பார்த்தார்.