மாநாட்டில் வாக்குறுதி, துறைமுகத்தில் வரி

புதுதில்லி:
பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு நிதி தருவதாக உச்சி மாநாடுதோறும் உறுதியளித்து வந்த ஐரோப்பா, இப்போது அதே பருவநிலையின் பெயரால் அந்நாடுகளின் சரக்குகள் மீது வரி விதிக்கத் தொடங்கியுள்ளது. ஐரோப்பிய யூனியனின் 'கார்பன் எல்லை வரி' 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. இரும்பு, உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதன் வரம்பில் அடங்கும்.

வரியின் அடிப்படை எளிமையானது. ஐரோப்பிய ஆலைகள் தாங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஏற்ப அனுமதிச் சான்றுகளை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2005 முதல் உள்ளது. அதே சுமையை இறக்குமதியாளர்களும் ஏற்க வேண்டும் என்பது பிரஸ்ஸல்ஸின் வாதம். இல்லாவிட்டால் ஆலைகள் கட்டுப்பாடு இல்லாத நாடுகளுக்கு இடம்பெயர்ந்துவிடும் என்று அது கூறுகிறது.

இந்தியாவுக்குச் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மத்திய உருக்கு அமைச்சகத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஒரு டன் உருக்கு தயாரிக்கச் சுமார் 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது. உலக சராசரி 1.9 டன். நிலக்கரியை நம்பிய ஊது உலைகளும் கடற்பஞ்சு இரும்பு ஆலைகளுமே இதற்குக் காரணம். பெரிய ஆலைகள் ஒருவாறு சமாளிக்கலாம். ஆனால் போல்ட், நட்டு, திருகு போன்றவையும் வரி வரம்பில் வருவதால், லூதியாணா போன்ற நகரங்களின் சிறு உற்பத்தியாளர்களும் வாயு வெளியேற்றக் கணக்கைத் தயாரித்து, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

கோபன்ஹேகன் முதல் பாகு வரை

பருவநிலை மாநாடுகள் குறித்து தில்லியில் நிலவும் அவநம்பிக்கை புதிதல்ல. 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உடன்படிக்கை, பொறுப்பு அனைவருக்கும் பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது என்று வகுத்தது. தொழில்மயமான நாடுகளுக்கு இலக்கு நிர்ணயித்த 1997 கியோட்டோ உடன்பாட்டை அமெரிக்கா கடைசி வரை அங்கீகரிக்கவில்லை. 2011-ல் கனடா விலகியது.

2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன்னதாக, உற்பத்தி மதிப்புக்கு ஏற்ப வெளியாகும் வாயுவின் அளவை 2020-க்குள் 20 முதல் 25 சதவீதம் வரை குறைப்பதாக அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மக்களவையில் அறிவித்தார். எதற்காக முன்கூட்டியே இறங்கி வர வேண்டும் என எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பின. அந்த இலக்கு நிறைவேறியது. 2005-க்கும் 2016-க்கும் இடையே 24 சதவீதம் குறைத்துவிட்டதாக இந்தியா பின்னர் ஐ.நா.வுக்குத் தெரிவித்தது.

அதே கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் தந்த உறுதிமொழி, 2020-க்குள் ஆண்டுக்கு 10 ஆயிரம் கோடி டாலர் திரட்டித் தருவது. அந்தத் தொகை முதன்முதலாக எட்டப்பட்டது 2022-ல்தான் என்பதைப் பணக்கார நாடுகளின் அமைப்பே ஒப்புக்கொண்டது. அதிலும் பெரும்பகுதி திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.

2024 நவம்பரில் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் 30 ஆயிரம் கோடி டாலர் என்று முடிவு செய்யப்பட்டது. தங்களைப் பேச விடாமலேயே தீர்மானம் நிறைவேற்றப்பட்டதாக இந்தியா கண்டித்தது. இந்த ஆவணம் வெறும் காட்சி மாயை என்று இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா மாநாட்டு அரங்கிலேயே கூறியது குறிப்பிடத்தக்கது.

நெருக்கடி தனக்கு வந்தபோது

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், நிலக்கரிப் பயன்பாட்டை 'கைவிடுதல்' என்ற சொல்லைப் 'படிப்படியாகக் குறைத்தல்' என மாற்ற வேண்டும் என்று இந்தியா வலியுறுத்தியபோது ஐரோப்பியத் தலைவர்கள் ஏமாற்றம் தெரிவித்தனர். எட்டு மாதங்கள்கூட ஆகவில்லை. உக்ரைன் போரால் ரஷிய எரிவாயு குறைந்ததும், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நிலக்கரி மின் நிலையங்களை மீண்டும் இயக்க ஜெர்மனி சட்டம் இயற்றியது. அதை முன்னின்று கொண்டுவந்த பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக், பசுமைக் கட்சியைச் சேர்ந்தவர். 2023 ஜனவரியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக லுட்சராட் என்ற சிற்றூர் போலீஸ் காவலுடன் காலி செய்யப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், வாயு வெளியேற்றம் மிகக் குறைந்த கடைசி மூன்று அணுமின் நிலையங்களையும் ஜெர்மனி மூடியது.

எந்த விலைக்கும் எரிவாயு வாங்க ஐரோப்பா முன்வந்ததால், 2022-ல் பாகிஸ்தானும் வங்கதேசமும் வாங்க வழியின்றி மின்வெட்டில் தவித்தன. எரிவாயு முதலீட்டையும் நிபந்தனைகளுடன் 'பசுமை' எனக் கருதலாம் என்ற விதியை ஐரோப்பிய நாடாளுமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அனுமதித்தது. 2024 தொடக்கத்தில் விவசாயிகள் டிராக்டர்களுடன் சாலைக்கு வந்ததும், பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைக் குறைக்கும் சட்ட முன்வரைவு வாபஸ் பெறப்பட்டது. ஜூன் மாதத் தேர்தலில் பசுமைக் கட்சிகள் இடங்களை இழந்தன.

இவற்றைக் கொண்டு ஐரோப்பா எதுவுமே செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. 1990-உடன் ஒப்பிட்டால் அதன் வாயு வெளியேற்றம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துள்ளது. ஆனால் வாக்காளரின் மின் கட்டணம் ஏறும்போது காலக்கெடு தளரும் என்பதை ஐரோப்பிய அரசியல் மெய்ப்பித்துவிட்டது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் நிலக்கரியை நம்பி வாழும் மாவட்டங்கள் அதே தளர்வைக் கேட்டால் அது பிடிவாதம் எனப்படுகிறது. ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியிடும் நாடு, அதைவிட இரு மடங்குக்கு மேல் வெளியிடும் நாடுகளிடம் பாடம் கேட்க வேண்டியுள்ளது.

தில்லியின் கணக்கு

எனினும், ஐரோப்பாவை நோக்கி எழுப்பும் கேள்வியைத் தில்லியை நோக்கியும் எழுப்பத்தான் வேண்டும். 2010 பட்ஜெட்டில் நிலக்கரி மீது டன்னுக்கு ரூ.50 வரி விதிக்கப்பட்டது. தூய எரிசக்தி நிதிக்காக என்று நாடாளுமன்றத்தில் காரணம் கூறப்பட்டது. 2016-ல் அது ரூ.400 ஆனது. 2017-18 வரை வசூலானது சுமார் ரூ.86 ஆயிரம் கோடி. நிதியத்துக்கு மாற்றப்பட்டது ரூ.30 ஆயிரம் கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் சென்றது சுமார் ரூ.16 ஆயிரம் கோடி மட்டுமே. ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வரி, மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

இந்தப் பழைய கணக்கு இப்போது முக்கியத்துவம் பெறுகிறது. ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே கார்பனுக்கு விலை செலுத்தப்பட்டிருந்தால், அதை எல்லை வரியில் கழித்துக் கொள்ளலாம் என்று ஐரோப்பிய விதி கூறுகிறது. அதாவது, இந்திய உருக்கின் மீதான கார்பன் வரி பிரஸ்ஸல்ஸ் கருவூலத்துக்குச் செல்வதா, தில்லிக்கு வருவதா என்பது ஓரளவு இந்தியாவின் கையிலேயே உள்ளது. அதற்கான கார்பன் சந்தைக்கு 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023-ல் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

எல்லை வரி ஒருதலைப்பட்சமானது என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறியது சரியே. அந்த எதிர்ப்பைத் தொடர்வதுடன், உள்நாட்டில் வசூலாகும் கார்பன் பணம் உலைகளை மாற்றியமைக்கவும், சிறு ஆலைகளுக்குக் கைகொடுக்கவும், சுரங்கத் தொழிலாளர்களுக்கு மாற்று வேலை தரவும் மட்டுமே செலவிடப்படும் என்பதற்குச் சட்டத்திலேயே உத்தரவாதம் தேவை. அந்த உத்தரவாதத்தைக் கேட்டுப் பெற வேண்டிய இடம் அடுத்த உச்சி மாநாடு அல்ல, மக்களவையும் மாநிலங்களவையும்தான்.