சளியில் கிருமி இல்லை. பிள்ளைக்கு மருந்து ஏன்?



பிள்ளைக்குக் காசநோய் என்று டாக்டர் சொன்னவுடன் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சளியில் கிருமி இல்லை என்றுதானே ரிப்போர்ட் வந்தது? பிறகு எதற்கு ஆறு மாதம் மருந்து?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாத வீட்டில் மருந்து பாதியில் நின்றுவிடுகிறது. ஆகவே அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் அவை கண்ணில் படும். பெரியவர்களின் நுரையீரல் புண்ணில் கிருமிகள் ஏராளம். பிள்ளைகளுக்கோ கிருமிகள் சொற்பம். அவையும் பெரும்பாலும் நுரையீரலை ஒட்டிய நெறிகளுக்குள் இருக்கும். மேலும் சிறு பிள்ளை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். அதனால்தான் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பை நீரை எடுக்கிறார்கள். சிபிநாட் கருவி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிவு தருகிறது. பிள்ளையின் மலத்தையே இவ்விதம் சோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகும், நோயுள்ள பிள்ளைகள் பலருக்குக் கிருமி அகப்படுவதில்லை.

அடுத்தது கையில் போடும் மாண்டோ ஊசி. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சிவப்பை அல்ல, தடிப்பை அளக்கிறார்கள். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், சரீரம் அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருக்கிறது என்று பொருள். அது நோய் என்று பொருளல்ல. இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமியைச் சூழ்ந்து வேலி போடுகின்றன. தொற்று பெற்ற பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த வேலி ஆயுள் முழுதும் நிற்கும். கைக்குழந்தையின் வேலி பலவீனமானது; கிருமி அதைத் தாண்டி இரத்தத்தில் கலந்து மூளையுறை வரைக்கும் போய்விடும். இன்னொன்றும் உண்டு: சத்துக்குறைவான பிள்ளைக்கும், அம்மை கண்டு எழுந்த பிள்ளைக்கும், தொற்று இருந்தும் தடிப்பு வராமல் போகலாம்.

பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவில் 1948-ல் தொடங்கியது. தொடங்கிய இடங்களில் ஒன்று மதனப்பள்ளி மிஷன் சானடோரியம். 1968-ல் செங்கல்பட்டு பகுதியில் ஆரம்பித்த பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. ஆகவே பிறந்தவுடன் போடத் தவறக்கூடாது.

கடைசியாக, எந்தக் கருவியும் சொல்லாத ஒரு தடயம்: வீட்டில் இருமுவது யார்? சிங்காரப்பேட்டை சுற்றுவட்டாரத்திலிருந்து கட்டட வேலைக்கும் கல் குவாரிக்கும் ஓசூர், பெங்களூர் என்று போகிறார்கள். தகப்பன் பொங்கலுக்கு வந்து இரண்டு வாரம் பிள்ளையோடு படுத்துறங்கிவிட்டுத் திரும்பிப் போகிறார். பிள்ளை மெலிந்த பிறகு கேட்டால், "வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை" என்கிறாள் தாய். அவள் சொல்வது பொய்யல்ல. "இந்த ஒரு வருஷத்தில் வந்து தங்கிப் போனவர் யார்?" என்று கேட்க வேண்டும். அந்தப் பதில், எடை, காய்ச்சல், எக்ஸ்ரே, மாண்டோ ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். சளி ரிப்போர்ட் அதில் ஒரு சாட்சி மாத்திரமே.

உங்கள் சபையிலோ தெருவிலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இருந்தால் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். அவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், கூட வசிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் சோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தரவேண்டும். அரசு அதை இலவசமாகத் தருகிறது. எடை ஏறாத பிள்ளையைச் சவலை என்று சொல்லி விட்டுவிடாதிருங்கள். உணவும் மருந்தைப்போல முக்கியம்: ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் தானியமும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக நோய் காண்பது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஏழை வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு படி பருப்பு, அங்கே தவழும் பிள்ளையின் வேலிக்கு ஒரு முள்ளாகிறது.