மேட்டில் இறங்கித் தள்ளினால் என்ன?



சைக்கிள் ஓட்டத் தெரிந்த எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். கற்றுக்கொண்ட நாளில் விழுந்து வாரியதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். முழங்காலில் இருக்கும் தழும்பைக் கூடக் காட்டுவாள். ஆனால், 'மேடு ஏற முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்' என்பதை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டாள். விழுந்ததில் இல்லாத வெட்கம், இறங்கியதில் எப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டதோ, தெரியவில்லை!

எங்கள் ஒடுகத்தூர், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அணைக்கட்டு பக்கம் போனால் சைக்கிளுக்குக் கஷ்டமில்லை. மலைப் பக்கம் திரும்பினால் கதையே வேறு. முத்துக்குமரன் மலையிலிருந்து பீஞ்சமந்தைக்கு ஏறுகிற வழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிற மலை ஜனங்கள், காலங்காலமாக நடந்தே ஏறி இறங்கிப் பழகியவர்கள். அவர்களுக்கு நடை என்பது ஒரு குறையே கிடையாது. சைக்கிள் வந்த பிறகுதான் நமக்கு இந்த மானப் பிரச்னை எல்லாம்!

பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது அல்லவா? முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று ஆரம்பித்து, பிறகு ஆண், பெண் எல்லாருக்குமாக விரிந்த திட்டம். அரசுப் பள்ளி வாசலில் வரிசையாக ஒரே நிறத்தில் நிற்கும் அந்த வண்டிகளைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடும். பஸ்சை நம்பிப் படிப்பை விட்ட பெண்கள் எத்தனை பேர் நம் காலத்தில்!

எங்கள் தெருவில் ஒரு பெண், இந்த சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். வழியில் ஒரு மேடு. பாதி தூரம் மிதிப்பாள், மீதியை இறங்கித் தள்ளுவாள். ஒரு மாதம் போனது. திடீரென்று சைக்கிளைத் திண்ணையோரம் சாத்திவிட்டு, பஸ்சுக்குக் காத்து நிற்க ஆரம்பித்தாள். பஸ் தவறினால் அன்றைக்கு லீவு. ''ஏன்டி கண்ணு, சைக்கிள் ரிப்பேரா?'' என்று கேட்டேன். ''இல்ல அத்தை. மேட்டுல தள்ளிக்கிட்டு போறப்ப பசங்க 'என்னா, சைக்கிளை வாக்கிங் கூட்டிக்கிட்டு போறியா'ன்னு சிரிக்கிறானுங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு'' என்றாள்.

அவள் அம்மாவோ, ''வயசுப் பொண்ணு, எவன் கிட்டயும் பேச்சு வாங்க வேணாம். பஸ்சுல போவட்டும்'' என்று முடித்துவிட்டார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு மேடு, ஒரு கிண்டல், அதற்காக ஒரு பெண்ணின் படிப்பில் வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டை விழுவதா?

இதைக் கேட்டதும் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், படிப்போடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் கிராமத்துப் பெண்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் ஊர்வலம் போனதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டியிருக்கிறார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று, அதுதான் வசதி என்று சொன்னவர்களும் உண்டாம்! அவர்களும் கேலியைக் கேட்டவர்கள்தான். 'பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்' என்று ஏறினதற்காகச் சிரித்தார்கள் அப்போது. இப்போது இறங்கினதற்காகச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்கு ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால், புதுக்கோட்டை பெரும்பாலும் சமதளம். மலையடிவாரத்துக்காரர்கள் பாடு வேறு. இங்கே இறங்காமல் சைக்கிள் ஓட்டவே முடியாது.

'மலையில் சைக்கிள் ஓட்டுவதையே விளையாட்டாக வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களும் இறங்குவார்களா?' என்று பிள்ளைகள் கேட்கக் கூடும். கேட்டால் சொல்லுங்கள், நன்றாகவே இறங்குகிறார்கள்!

பிரான்ஸ் நாட்டில் நடக்கும் 'டூர் த பிரான்ஸ்' உலகப் புகழ் பெற்ற பந்தயம். அதில் 1910-ல் முதன்முதலாகப் பிரனீஸ் மலைத்தொடரின் பெரிய கணவாய்களைத் தாண்ட விட்டார்கள். ஒரே நாளில் 326 கிலோ மீட்டர்! ஆக்டேவ் லபீஸ் என்ற வீரர், கொஞ்சம் மிதித்தும், கொஞ்சம் இறங்கித் தள்ளியும் அந்த மலைகளை ஏறினார். வழியில் நின்ற பந்தய அமைப்பாளர்களைப் பார்த்து, 'கொலைகாரர்களே' என்று கத்தினாராம், பாவம். அன்றைய பந்தயத்தில் ஜெயித்தவர் அவர்தான். அந்த வருஷத்து மொத்தப் பந்தயத்திலும் அவரே முதல். அதே நாளில் துர்மலே என்ற கணவாயை இறங்காமலே ஏறிக் காட்டிய கரிகூ என்பவருக்கு 100 பிராங்க் பரிசு கிடைத்தது. பரிசு இறங்காதவருக்கு, வெற்றி இறங்கினவருக்கு! இன்று துர்மலே உச்சியில் சிலை வைத்திருப்பதும் லபீசுக்குத்தான்.

பெல்ஜியத்தில் கொப்பன்பெர்க் என்று ஒரு சின்ன மேடு. கருங்கல் பாவிய பாதை. சில இடத்தில் நூறு அடி போனால் 22 அடி ஏற்றம். அங்கே நடக்கும் பந்தயத்தில், முன்னால் போகிறவர் ஒருவர் தடுமாறிக் கால் ஊன்றினால் போதும், பின்னால் வருகிற அத்தனை பேரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். எல்லாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர்கள்!

'சைக்ளோகிராஸ்' என்று இன்னொரு விளையாட்டு இருக்கிறது. சேற்றிலும், மணலிலும், படிக்கட்டிலும் நடக்கும் பந்தயம். அதில் இறங்குவதும், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. நெதர்லாந்தின் மரியன் வோஸ் என்ற பெண்மணி, இந்த விளையாட்டில் 8 முறை உலக சாம்பியன். எந்த இடத்தில் இறங்கி, எந்த இடத்தில் திரும்ப ஏற வேண்டும் என்பதில்தான் அவர்களுடைய சாமர்த்தியமே இருக்கிறது.

மலைப்பாதை சைக்கிள் என்ற விளையாட்டு பிறந்த கதையும் வேடிக்கையானது. 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைஸ் மலையடிவாரத்து இளைஞர்கள், பழைய கனமான சைக்கிளில் மலையிலிருந்து கீழே பாய்ந்து பந்தயம் விட்டார்கள். ஏறும்போது? லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டு போனார்கள்! இந்த விளையாட்டு 1996-ல் ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்டது.

அந்தக் கூட்டத்திலும் நம்மூர்ப் பையன்களைப் போல் சிலர் இல்லாமல் இல்லை. கால் தரையில் பட்டாலே தோற்ற மாதிரி நினைப்பவர்கள் உண்டு. 'ட்ரையல்ஸ்' என்ற வகையில், கால் ஊன்றினால் உண்மையிலேயே தப்புப் புள்ளி போடுகிறார்கள். அது வித்தை காட்டுகிற ஆட்டம், அங்கே அது சரி. ஆனால், நாள் முழுக்கக் காட்டுப் பாதையில் போகிறவர்களில் அனுபவசாலிகள், கடினமான இடம் வந்தால் முதலில் இறங்கி நடந்து பார்க்கிறார்கள். எங்கே கல், எங்கே வேர், எங்கே வழுக்கும் என்று பார்த்து, முடியும் என்றால் ஏறி ஓட்டுகிறார்கள். இல்லையென்றால் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நீலகிரியில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008-ல் ஆரம்பித்த 'டூர் ஆப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணத்தில், பெங்களூரு, சென்னையிலிருந்து லட்ச ரூபாய் கியர் சைக்கிளோடு வருகிறவர்கள் கூட அந்தப் பாதையில் இறங்கித் தள்ளுவதுண்டு. அப்படியிருக்க, கேரியரில் புத்தக மூட்டையோடு, கியரே இல்லாத சைக்கிளில் போகிற பெண் தள்ளக் கூடாதாமா?

இதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது தோழியரே. நம் சாதாரண சைக்கிளில், பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுற்று சுற்றும். சமதளத்துக்கு அது லாபம், மேட்டுக்கு நஷ்டம். மலைக்கென்று செய்த கியர் சைக்கிளிலோ, ஒரு மிதிக்கு ஒரு சுற்றோ, அதற்கும் குறைவாகவோ சுற்றுகிற மாதிரி பல் சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம். டூர் த பிரான்சிலேயே 1937 வரைக்கும் இப்போதுள்ளது போன்ற கியர் மாற்றிக்கு அனுமதி இல்லை. லபீஸ் இறங்கித் தள்ளியதில் ஆச்சரியம் என்ன? போதாததற்கு, நம் வண்டியின் கனமே ஒரு அரிசி மூட்டை மாதிரி இருக்கிறது. மேட்டில் வேகம் குறைந்து, நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டால் ஹேண்டில்பார் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்கும். அதற்கு மேல் மிதித்தாலும், நடந்தாலும் நேரம் ஒன்றுதான். பின்னால் லாரி வரும்போது ஆடிக்கொண்டு போவதை விட, ஓரமாகத் தள்ளுவது மேல்.

இன்னொரு வேடிக்கை கவனித்தீர்களா? தண்ணீர் கஷ்டத்தில் நான்கு குடத்தைக் கட்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கேஸ் சிலிண்டரையோ, புல்லுக்கட்டையோ வைத்துத் தள்ளினாலும் சிரிப்பதில்லை. சைக்கிள் சுமை தூக்கினால் மரியாதை; நம் உடம்பு களைத்துத் தள்ளினால் கேலி!

ஏற்றத்தையாவது விடுங்கள், மிஞ்சிப்போனால் மூச்சு வாங்கும். என் பயமெல்லாம் இறக்கத்தைப் பற்றித்தான். கேலிக்குப் பயந்து இறங்காமல் பழகின பிள்ளை, இறக்கத்திலும் இறங்க மாட்டாள். அங்கேதான் கை கால் போகிறது. மழை நாளில் இரும்பு ரிம் நனைந்துவிட்டால், பிரேக் கட்டை வழுக்கும்; வழக்கமாக நிற்கிற தூரத்தில் வண்டி நிற்காது. பயத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால், பின் சக்கரம் தூக்கிக்கொள்ளும். கேரியரில் தோழி வேறு உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். செங்குத்தான இறக்கம், வளைவு, ஜல்லி கொட்டிய இடம் எது வந்தாலும் பின்னால் இருப்பவள் முதலில் இறங்கிவிட வேண்டும். ஓட்டுகிறவளும் இறங்கி, பிரேக்கில் கை வைத்தபடி தள்ளிக்கொண்டு போகட்டும்.

தள்ளுவதிலும் முறை உண்டு. சைக்கிளுக்கு இடது பக்கம் நின்று, ஒரு கை ஹேண்டில்பாரிலும், ஒரு கை சீட்டிலும் வைத்துத் தள்ளினால் கனம் தெரியாது. ரோட்டின் இடது ஓரமாகப் போகும்போது, வண்டிகளுக்கும் நமக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும். பையை ஹேண்டிலில் மாட்டினால் ஒரு பக்கம் இழுக்கும், கேரியரில் கட்டிவிடுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு முடிச்சுப் போட்டுக்கொள்ளட்டும். முக்கியமாக, கடைசி மூச்சு வரை மிதித்துவிட்டு இறங்கக் கூடாது. வண்டி நின்று போன பிறகு கால் ஊன்றினால்தான் சாய்ந்து விழுவது. மேடு கண்ணுக்குத் தெரிந்து, வேகம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். திரும்ப ஏறுவதும் சமமான இடம் வந்த பிறகுதான்.

எங்கள் தெருப் பெண்ணிடம் லபீஸ் கதையைச் சொன்னேன். ''அவரு ஜெயிச்சாரா அத்தை?'' என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் அம்மாவுக்கு லபீசும் தெரியாது, பிரான்சும் தெரியாது. அவரிடம் பஸ் தவறிய நாள்களை விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். மறு வாரம், பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிள் மறுபடி ரோட்டுக்கு வந்தது. பையன்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால், மேட்டில் இப்போது மூன்று பெண்கள் சேர்ந்து தள்ளிக்கொண்டு, பேசிக்கொண்டே போகிறார்கள். மூன்று பேராக இருந்தால் அந்தக் கேலி காதிலேயே விழாது போலிருக்கிறது.

ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல் பக்கத்துத் தோழியரே, உங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் மேட்டில் என்ன செய்கிறார்கள்? எந்த மைல் கல்லில் இறங்குகிறார்கள், எங்கே திரும்ப ஏறுகிறார்கள்? நீங்களும் எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, ஒடுகத்தூர்.