விண்டோஸ் 11-க்கு மாறப் போறீங்களா? பட்டனைத் தட்டும் முன் இதைக் கவனிங்க!

‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று லேப்டாப் அப்டேட்டைத் தள்ளிப்போடுவது பலரின் வழக்கம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு அது இனி ஆபத்து. 2015-ல் வெளியான அந்த இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் எப்போதும்போல ஓடும். ஆனால், புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அவகாசம்.

அதற்காக அவசரப்பட்டும் மாறக் கூடாது.

தகுதி இருக்கா?

விண்டோஸ் 11-க்கு குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை தேவை. மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியே இதைச் சோதித்துச் சொல்லிவிடும். தகுதியில்லாத கம்ப்யூட்டரில் குறுக்கு வழியில் ஏற்றினால், அடுத்தடுத்த அப்டேட்டுகளுக்கு உத்தரவாதம் இல்லை.

டி டிரைவ் பேக்கப் ஆகாது

பொதுவாக ஃபைல்கள் அப்படியேதான் இருக்கும். ஆனால், பாதியில் கரண்ட் போனால்? சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் பகுதிகள்தான். டிஸ்க் போனால் இரண்டுமே காலி. அதனால் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கிலோ கிளவுடிலோ காப்பி எடுங்க. எடுத்ததில் நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பார்த்துடுங்க. லேப்டாப்பை சார்ஜரில் போட்ட பிறகே வேலையை ஆரம்பிக்கணும்.

48 இலக்கச் சாவி

பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு சில நேரம் 48 இலக்க ‘ரெகவரி கீ’ கேட்கும். அது இல்லையென்றால் சொந்த ஃபைல்களையே திறக்க முடியாது. தொலைந்த கீயை மைக்ரோசாஃப்ட்டாலும் உருவாக்கித் தர முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, முன்கூட்டியே தாளில் எழுதி வைங்க. அலுவலக லேப்டாப் என்றால், ஐடி பிரிவைக் கேட்காமல் கை வைக்காதீங்க.

10 நாள் கெடு

பிடிக்கலையா? செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போய் ‘கோ பேக்’ கொடுத்தால் பழையதுக்கே திரும்பலாம். ஆனால், 10 நாள்தான். இடத்தை மிச்சம் பிடிக்க ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரை அழித்தால் அந்த வழியும் அடைபடும். எனவே பிரின்டர், அலுவலக மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே ஓட்டிப் பார்த்துடுங்க.