ஆடும் கண்ணுக்கு லேசர் ஆகுமா?

கண் துடித்தால் பலன் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். அது இமைத் தசையின் துடிப்பு, தானாக அடங்கிவிடும். இங்கே சொல்ல வருவது விழியே ஆடுவதைப் பற்றி. ஓரிடத்தில் நிலைக்காமல் கருவிழி பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். மருத்துவர்கள் இதை நிஸ்டாக்மஸ் என்பார்கள். பிறவியோடு வருவது பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

ஆடும் கண்ணோடு பவர் கண்ணாடியும் வாய்த்தவர்கள், கண்ணாடியைக் கழற்ற லேசரை விசாரிக்கத்தான் செய்வார்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் வெட்டப் போகிறவருக்கும், குளச்சலில் வள்ளம் ஏறுகிறவருக்கும் பனியும் உப்புத்தண்ணீரும் படியும் கண்ணாடி பெருந்தொல்லை.

இந்த லேசரின் தொடக்கத்தில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். 1929இல் அங்கே பிறந்த வேதியியலாளர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தபோது, 1981இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் வெட்டு சுத்தமாக விழுந்தது. அதே 193 நானோமீட்டர் ஒளிதான் லேசிக் என்னும் சிகிச்சையில், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழிப் படலத்தைச் செதுக்கிப் பவரைக் குறைக்கிறது.

செதுக்குவது சரியான மையத்தில் நடக்க வேண்டும். எந்திரத்திலுள்ள டிராக்கர் கண்ணைத் தொடர்ந்து போகும், கண் ரொம்ப விலகினால் லேசர் நின்றுவிடும். ஆனால் அது முதன்மையாக எல்லோருக்கும் உள்ள சிறு அசைவுகளை நினைத்துச் செய்தது. மையம் தவறினால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், உருவம் இரட்டிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிலருக்கு இரு கண்ணும் திறந்திருக்கையில் ஆட்டம் கொஞ்சம்தான். ஒன்றை மூடியதும் மற்றது பலமாக ஆடும். லேசர் மேசையில் ஒரு கண்ணை மூடித்தான் மற்றதைச் செய்வார்கள். ஆகவே ஒற்றைக் கண்ணை மூடியும் ஆட்டத்தைப் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அதற்காக, லேசர் ஆகவே ஆகாது என்று சொல்லவும் முடியாது. ஆட்டம் குறைந்தவர்களுக்கு கண்ணை அசையாமல் பிடிக்கும் வளையக் கருவியை வைத்து லேசிக் செய்து நல்ல பலன் கிடைத்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் லேசர் தீர்ப்பது பவரை மட்டுமே, ஆட்டத்தை அல்ல. பிறவியிலேயே விழித்திரையின் மையம் சரியாக வளராதவருக்கு, எவ்வளவு செதுக்கினாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும். காசு கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்வது அவர்களின் உரிமை என்பேன்.

கான்டாக்ட் லென்ஸை முதலில் போட்டுப் பார்க்கலாம். மூக்கில் நிற்கும் கண்ணாடியின் மையத்தை விட்டு ஆடும் விழி விலகிக்கொண்டே இருக்கும். கான்டாக்ட் லென்ஸோ விழியோடு சேர்ந்து நகரும். அதைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கக் கூடாது, கை சுத்தம் கண்டிப்பாக வேண்டும்.

வளர்ந்த பிறகு திடீரென ஆடத் தொடங்கினால் லேசர் பேச்சையே விட்டுவிட்டு நரம்பு மருத்துவரைப் பாருங்கள். மூளை, உள்காது, ஏன், வலிப்புக்குத் தின்னும் சில மாத்திரைகள்கூடக் காரணமாகலாம்.

பிள்ளைகளின் விஷயம் வேறு. தலையை ஒருபக்கம் திருப்பிப் பார்க்கும் பிள்ளையை, “நேரா பாருல” என்று அதட்டுகிறோம். அந்தக் கோணத்தில்தான் அதன் கண் ஓரளவு அடங்கி, கரும்பலகை தெரிகிறது. தலை மிகவும் திரும்பியிருந்தால் கண் தசையை இடம் மாற்றும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதுவரை வகுப்பில் பிள்ளைக்கு வசதியான பக்கத்தில், முன்வரிசையில் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள்.