தோலில் எழுதிய தமிழ்: ஆடவர் தொடைப்பச்சையும் அதன் எழுத்தும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு மாலைப்பொழுது முன்னாள் மாணவர் ஒருவர் நம்மைக் கண்டு நின்றார். முப்பது வயதைக் கடந்தவர். நலம் உசாவியபின், சற்றே தயங்கி, "ஐயா, ஒரு சொல்லைப் பார்த்துச் சொல்லவேண்டும்" என்று கைப்பேசியை நீட்டினார். அவருடைய தொடையில் புதிதாகக் குத்திய பச்சையின் படம் அது. முகபடாம் அணிந்த யானையொன்று, முழங்காலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், மிக நேர்த்தியாக வரையப்பட்டிருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில் 'வழேம்' என்று இருந்தது.

அவர் எழுதச் சொன்ன சொல் 'வேழம்'. குத்தியவருக்குத் தமிழ் தெரியாது. குத்திக்கொண்டவரோ படுத்திருந்தார். நண்பர்கள் எவரும் கவனிக்கவில்லை. வீட்டிற்குப் போனதும் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயிலும் அவருடைய மகள் எழுத்துக்கூட்டிப் படித்தபோதுதான் பிழை வெளிப்பட்டதாம். கடைப்பலகையில் பிழை நேர்ந்தால் பலகையை மாற்றலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மாற்றவேண்டிய பலகைகள் இன்னும் உள என்பது வேறு செய்தி. தொடையை மாற்ற இயலாது. இவ்வுரைக்குத் தூண்டுதல் அந்த ஒரு சொல்லே.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தின் 'டட்டூ' பொலினீசிய மொழிகளின் 'தத்தாவ்' என்பதிலிருந்து வந்தது. 1769இல் தாகித்தித் தீவுக்குச் சென்ற குக்கின் கப்பலார் அச்சொல்லைக் குறித்துக்கொண்டு திரும்பினர். அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமோவா ஆடவர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்ளும் 'பெஆ' தொடைப்பச்சைகளுள் இன்றும் வாழும் மரபு. மலாய் மொழியில் இன்று பரவலாக வழங்கும் 'தாத்து' ஆங்கில வழியே வந்தது. தமிழோ நிறத்தால் பெயரிட்டது. மை கருமைதான்; ஆயினும் தோலின் உள்ளடுக்கில் தங்கிய கரியை மேல்தோலின் ஊடாகக் காணும்போது அது நீலம் கலந்த பசுமையாகத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரிந்த நிறமே பெயராயிற்று. 'குத்துதல்' தொழிலைக் காட்டும் வினை. 'குத்திக்கொள்ளுதல்' என்னும்போது 'கொள்' என்ற துணைவினை, செயலின் பயன் செய்வித்தவனையே சேர்வதைக் காட்டுகிறது. நம் இளைஞர் 'டட்டூ போட்டேன்' என்கையில் அந்த நுட்பம் மறைந்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சட்டை போடுவதும் டட்டூ போடுவதும் ஒரே வினையைப் பெற்றிருப்பதைக் குறித்துக்கொள்கிறோம், அவ்வளவே.

'தொடை' என்றவுடன் மாணவர்க்கு மோனையும் எதுகையும் நினைவுக்கு வரும். யாப்பில் வரும் அத்தொடை, பூத்தொடுப்பது போலத் தொடுக்கப்படுவது. உறுப்பைக் குறிக்கப் பழந்தமிழில் 'குறங்கு', 'கவான்' என்னும் சொற்களும் உண்டு. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி பூணும் அணிகளுள் 'குறங்குசெறி' ஒன்று, தொடையில் அணிவது. தொடை அணிபெறும் இடமாகக் கருதப்பட்டதற்கு அது சான்று. ஆயினும், சங்ககாலத்துத் 'தொய்யில்' தான் நம் பழைய பச்சைகுத்தல் என்று மேடைகளில் சொல்லப்படுவதை ஏற்க இயலாது. தொய்யில், மகளிர் தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு எழுதியது, நீராடினால் அழிவது. ஊசி அங்கே இல்லை. சங்கப் பாடல்களில் ஆடவர் உடலில் நிலைத்த குறி விழுப்புண்தான்.

தமிழகத்தில் பச்சைகுத்தல் பெரிதும் பெண்களிடத்தே வழங்கியது. குத்தியவரும் பெரும்பாலும் குறவர் குலப் பெண்டிரே. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை விரிவாகக் குறித்தார். மஞ்சட்பொடியையும் அகத்தியிலையையும் சேர்த்துப் பஞ்சில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியை எடுத்து, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்த மையே அவர் கண்டது. வடிவங்களுள் கோலம் முதன்மையானது. வாயிற்கோலத்துக்கும் பச்சைக்கோலத்துக்கும் உள்ள உறவை ஜான் லேயர்டு 1937இல் 'போக்லோர்' இதழில் ஆராய்ந்தார். நம் தோட்டப்புறத்துப் பாட்டிமார் முன்கையில் கண்ட பச்சைப்புள்ளிகள் அம்மரபின் எச்சம்.

ஆடவர் தொடைப்பச்சைக்கு நம் அண்டை நாடான பர்மாவைத்தான் பார்க்கவேண்டும். 1882இல் வெளிவந்த 'தி பர்மன்' என்னும் நூலில் ஜார்ஜ் ஸ்காட், ஷ்வே யோ என்னும் புனைபெயரில், இதற்கென ஓர் அதிகாரமே எழுதினார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை புலி, பூனை, குரங்கு, யானை, அரக்கன் என வரிசையாகக் குத்தப்படும். ஒவ்வோர் உருவையும் சுற்றிப் பர்மிய எழுத்துகளே சட்டமாக அமையும். பிள்ளைப்பருவம் கடந்தான் என்பதற்கு அதுவே அடையாளம். அவ்வெழுத்துகள் மோன் எழுத்தின் வழிவந்தவை. அதன் மூலமோ தென்னிந்தியப் பிராமி மரபைச் சேர்ந்தது. நம் பல்லவ கிரந்தத்துக்கு நெருங்கிய உறவு. ஆகவே, நம் எழுத்தின் உறவினர் நெடுங்காலம் ஆடவர் தொடைகளில் வாழ்ந்திருக்கின்றனர் எனலாம். போர்னியோவின் கயான் மக்களிடம் தொடைப்பச்சை குறிப்பாகப் பெண்களின் உரிமை. ஹோஸ், மக்டூகல் இருவரும் 1912இல் அதனை விரித்தெழுதினர். அவற்றுள் எழுத்துக்கு இடமில்லை, அனைத்தும் உருவே.

மாணவரின் 'வழேம்' எப்படிப் பிறந்தது? ஏகாரக் கொம்பு மெய்க்கு முன்னே எழுதப்படினும் பின்னே ஒலிக்கப்படுவது. ஒருங்குறி ஒலிமுறையையே பின்பற்றுகிறது: வ, அதன்பின் ஏகாரக் குறி, பின் ழ, ம, புள்ளி. கொம்பை வகரத்தின் முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. படம் வரையும் மென்பொருள் சிலவற்றில் இந்திய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிடில் அவ்வேலை நடவாது. கொம்பு சேமித்த இடத்திலேயே, வகரத்துக்கும் ழகரத்துக்கும் இடையே நிற்கும். தமிழ் அறிந்தவர் அதை ழகரத்தின் கொம்பாகவே படிப்பார். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் அனைத்துக்கும் இந்நிலையே. ஒகர, ஓகாரங்கள் இன்னும் மோசம். மெய் வெளியே தனித்து நிற்க, கொம்பும் காலும் வெற்றிடத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். தமிழ் தெரியாத கைவினைஞர் அதை அப்படியே படியெடுப்பார். அவர்மேல் குற்றம் இல்லை.

இதற்கு வழி எளிது. சொல்லைத் தமிழ் சரியாகத் தெரியும் ஆவணமொன்றில் தட்டச்சிட்டு, தாளில் அச்சிட்டு, அத்தாளிலிருந்தே படியெடுக்கச் செய்யவேண்டும். படி தோலில் ஒட்டியபின், ஊசி படுமுன், எழுந்து நின்று இன்னொருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யவேண்டும். எழுந்து நிற்பது முக்கியம். உட்காரும்போது தொடையின் தசை பரந்து தோல் இழுபடும். நிற்கும்போது வரி வளைந்து பின்புறம் ஓடி மறையும். குறுக்காக எழுதிய நீண்ட சொல்லின் பாதியே முன்னிருந்து தெரியும். நெடுக்காக எழுதுவது பொருத்தம். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதாயின், உயிர்மெய்யை உடைத்தல் ஆகாது. 'கொடை' என்பது இரண்டு அடுக்கேயன்றி ஐந்து அடுக்கன்று.

ஓலைச்சுவடியை நினைக்காமல் இவ்விடத்தைக் கடக்க நம்மால் முடியவில்லை. எழுத்தாணியால் கீறி, கீறலில் கரிமை தடவித் துடைத்தால் எழுத்து கருமையாய்த் துலங்கும். கூர்முனை, கீறல், கரி: பச்சைகுத்தலின் தொழில்முறையும் ஏறத்தாழ இதுவே. ஓலையில் புள்ளி குத்தினால் பொத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டனர் என்பது வழக்கமான விளக்கம். தொல்காப்பியம் மெய்க்கு மட்டுமன்றிக் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி விதித்தது. சுவடிகளில் அது விடுபட்டதனால் 'வேழம்' என்பது 'வெழம' என்றே கிடக்கும். படிப்பவர் பொருளறிந்து படித்துக்கொண்டார். கொம்பின் மேற்சுழியை நீட்டி ஏகாரத்தைப் பிரித்தவர் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். அவர் தந்த அதே குறிதான் நம் மாணவரின் தொடையில் இடம் மாறி நின்றது. சுவடி படித்தவர்க்கு இருந்த பொறுமை இன்று எவருக்கும் இல்லை. புள்ளியில்லாப் பச்சை இன்று வெறும் பிழையே.

தோலில் மை ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே பரவும். 'ண', 'ஞ', 'இ' போன்ற சுழியெழுத்துகளைச் சிறிதாக எழுதினால் சுழி அடைபட்டு, ணகரம் னகரமாகிவிடும். தொடை பரந்த இடமாதலின் இதற்கு இடர் இல்லை, பெரிதாகவே எழுதலாம். புள்ளியை வளையமாக விடாமல் நிறைத்துக் குத்துவது நலம்.

இளைஞர் இன்று விரும்புவனவற்றுள் தமிழ் எண்ணில் பிறந்தநாள் ஒன்று. இங்கும் கவனம் வேண்டும். பழைய முறையில் சுழியம் கிடையாது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் இருந்தன. 2024 என்பது பழமுறையில் ௨௲௨௰௪. இன்றைய இடமதிப்பு முறையில் ௨௦௨௪. இரண்டும் சரி, ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிப்பதே தவறு. ஒன்று ககரத்தையும் எட்டு அகரத்தையும் ஒத்திருப்பதனால், தனியே நிற்கும் எண்ணை எழுத்தாகப் படிப்பார் பலர். ஆனால் எண்களில் வேறோர் ஆபத்தும் நம் நாட்டில் உண்டு. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு சட்டவிரோதமென வெளியிட்ட 49 குண்டர் கும்பல்களின் பட்டியலில் பல வெறும் எண்களால் அறியப்படுபவை. பிறந்தநாளின் எண்ணே என்று விளக்கும் நிலை ஓர் இளைஞனுக்கு வரக்கூடாது. ஆசிரியர்கள் இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்வது நல்லது.

வடிவங்களைப் பற்றிக் கேட்போர்க்கு நாம் சொல்வது: வில், கயல், புலி மூன்றும் தொடையின் நீளத்துக்கு இசைபவை, நடுகல் வீரனின் உருவும் ஏறுதழுவுதலும் ஆடவர்க்குப் பொருந்துபவை, புள்ளிக்கோலம் எவர்க்கும் பொருந்தும். தமிழி, வட்டெழுத்து ஆகியவற்றை விரும்புவோர் கணினி எழுத்துருவை நம்பாமல் கல்வெட்டின் மைப்படியைப் பார்த்து வரையச் செய்யட்டும். ஓங்காரமும் வேலும் இடுப்புக்குக் கீழே வேண்டா என்பது நம் குடும்பங்களில் அழுத்தமான உணர்வு. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட இயலவில்லை. 2015இல் பெங்களூரில் கால்முன்புறத்தில் அம்மன் உருவம் கொண்ட ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கூட்டத்தால் சூழப்பட்டுக் காவல்நிலையம் வரை செல்ல நேர்ந்தது. அக்கூட்டம் செய்ததை நாம் ஏற்கவில்லை. ஆனால் வீட்டில் தாய் மனம் நோவது வேறு.

மாணவருக்கு என்ன செய்வது? லேசர் கொண்டு அழிக்கப் பல அமர்வுகள் வேண்டும். பொருட்செலவும் வலியும் மிகுதி. நாம் ஒரு தாளில் வேறு வழியை வரைந்து கொடுத்தோம். பிழைச்சொல்லின்மேல் நெளிக்கோலப் பட்டை ஒன்றை ஓட்டி, அதை யானை நிற்கும் தரையாக்கி, யானைக்கு மேலே சொல்லைப் புதிதாக எழுதுவது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட, துதிக்கை போல் வளையும் பழைய 'லை' அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 'வேழம்' என்பதில் அதற்கு இடமில்லையே என்றோம். யானைமலை என்றால் இருக்குமே என்றார். மதுரைக்கருகே அப்பெயரில் மலையொன்று உண்டு. பாட்டனார் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவராம். மறுவாரம் அச்சிட்ட தாளுடன் வீட்டிற்கு வந்தார். மகளும் உடன் வந்திருந்தாள். தாளை நம்மிடம் தருமுன் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.